எனக்கு ஒரு அவசரம்

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பேருந்து வரத் தாமதமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவேன். பாதி வழியில் அதே பேருந்து என்னைக் கடந்து போகும். அப்படிப்பட்ட என்னை, தொண்ணூறுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் மசாலாச் சரக்குகளைப் பரிசோதிக்கும் ஒரு லேபில் ஏழு மாதம் 'பொறுப்பு' என்ற ஒற்றைச் சொல்லில் தொங்கவிட்டிருந்தார்கள். மேனேஜர் பொறுப்பு. வேலை மேனேஜருடையது, பெயர் மட்டும் கிடையாது.

பழைய மேனேஜர், வளைகுடாவில் நல்ல இடம் கிடைத்துப் போய்விட்டார். போகிற அன்று சாவிக்கொத்தை என் கையில் வைத்து, "தற்காலம் நீ நோக்கிக்கோ" என்றார். இப்போதைக்கு நீ பார்த்துக்கொள் என்று அர்த்தம். எனக்கு இருபத்தைந்து வயது. பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி முடித்து, தினமும் படகேறி எர்ணாகுளத்தில் வேலை தேடி அலைந்து, கடைசியில் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் கிடைத்த உதவியாளர் வேலை அது. லேபில் என்னோடு சேர்த்து ஐந்து பேர், ஐந்து பேரும் பெண்கள்.

கப்பலேறும் முன் மிளகும் சுக்கும் மஞ்சளும் எங்களிடம் சாம்பிளாக வரும். ஈரம் எவ்வளவு, எண்ணெய்ச் சத்து எவ்வளவு, ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம், அதில் உள்ளீடில்லாத பொக்கு எத்தனை என்று பார்த்து அறிக்கை தர வேண்டும். கப்பல் யாருக்காகவும் நிற்காது. சாவி என் கைக்கு வரும் வரை லேபில் நடந்தது என்னவென்றால், காலையில் ஒரே ஓவன் முன்னால் நாலு பேர் நிற்போம். மாலையில் ஒரே தராசு முன்னால் நாலு பேர் நிற்போம். நிற்பது எனக்குப் பிடிக்காத விஷயம் என்று முன்பே சொன்னேன்.

ஒரு கரும்பலகை வாங்கிச் சுவரில் மாட்டினேன். குறுக்கே எந்திரங்கள், நெடுக்கே மணி. எண்ணெய் வடிக்கிற வேலைக்கு நாலு மணி நேரம் ஆகும். அதைக் காலைச் சாயாவுக்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஈரம் பார்ப்பவள் ஓவனுக்குப் போகலாம், பொக்கு பொறுக்குபவள் ஜன்னலோரம் உட்காரலாம். முதல் வாரத்திலேயே ஏழு மணிக்கு முடிந்துகொண்டிருந்த வேலை நாலரைக்கு முடிந்தது. என்னைவிட இரண்டு வயது மூத்த ஒரு சேச்சி எங்களோடு இருந்தாள். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். "இனி எந்தா செய்யுக?" என்றாள். இனி என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டு படகுத்துறை ஜெட்டிக்குப் போய்க் கப்பலை வேடிக்கை பார்த்தோம். அன்று நான் தரையில் நடக்கவில்லை. சோதனை செய்வதை விட, சோதனைகளை ஓடவிடுவதில் இத்தனை சந்தோஷம் இருக்கிறது என்று எனக்குப் படிப்பித்த யாரும் சொல்லவில்லை. இந்த வேலைதான் எனக்கு வேண்டும், இதை விட்டால் வேறெதுவும் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் ஒரு சென்னைக் கம்பெனி எங்கள் லேபை வாங்கியது. மேனேஜர் பதவிக்கு வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வு என்று அறிவித்தார்கள். ஆலுவாவிலிருந்து ஒருவர், இடப்பள்ளியிலிருந்து ஒருவர் என்று வெளியாட்களும் மனுப் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன்.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. எப்போதோ எழுதிய அரசாங்கத் தேர்வில் என் பெயர் வந்து, காக்கநாட்டில் ஒரு அலுவலகத்தில் கிளார்க் வேலைக்கு உத்தரவு. எங்கள் காலனியில் பழைய வீட்டு எண், புதிய வீட்டு எண் என்று இரண்டு உண்டு. கடிதம் முதலில் தப்பான வீட்டுக்குப் போய் அங்கே பல நாள் உறங்கிவிட்டு வந்திருந்தது. சேர வேண்டிய கடைசி நாள் அடுத்த திங்கட்கிழமை.

அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டாள். அவளைக் கேலி செய்ய என்னால் முடியாது. அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவுப் பணியாளர். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அவர் போய்விட்டார். மூன்று மாதம் கழித்து, அவருடைய வேலை அம்மாவுக்கு என்று இதே போல ஒரு பழுப்பு உறை வந்தது. அது வந்திருக்காவிட்டால் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏதாவது கிடங்கில் இஞ்சி தூற்றப் போயிருப்பேன். அம்மாவுக்குத் தெரிந்த தெய்வங்களில் அந்த உறையும் ஒன்று.

"அரைக்காசுன்னாலும் அரசாங்கக் காசுடி," என்றாள். "திங்கக்கிழம போய் ஒப்பு போட்டுடு."

ஒப்பு என்றால் கையெழுத்து. எங்கள் காலனித் தமிழ் அப்படித்தான்.

"வெள்ளிக்கிழம இன்டர்வியூ இருக்கும்மா."

"அது கிட்டுமா?"

"தெரியாது."

"இது கிட்டியாச்சு. பின்னே அது எதுக்கு?"

கரும்பலகையைப் பற்றிச் சொன்னால் அவளுக்குப் புரியாது என்று நினைத்தேன். அது என் தப்பு, ஆனால் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் சென்னைக்காரர்கள் சரி என்று சொல்லிவிட்டால் லேப். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை காக்கநாடு பஸ்.

வியாழக்கிழமை சேச்சி எனக்குத் தைரியம் சொன்னாள். "சென்னைக்காரல்லே வருன்னது? நினக்கு தமிழ் அறியாமல்லோ. ரட்சப்பட்டு." தமிழ் தெரியும், அதனால் பிழைத்துக்கொண்டாய் என்றாள். நானும் அதை அப்படியே நம்பினேன். என் தமிழ் எப்படிப்பட்டதென்று நான் யோசித்துப் பார்க்கவேயில்லை. பிறந்ததிலிருந்து காலனி வாசலைத் தாண்டினால் மலையாளம், படித்தது மலையாளம், தமிழ் எழுத்துகளை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது முப்பது வயதுக்குப் பிறகு. வீட்டுத் தமிழில் சோறு, குழம்பு, சண்டைக்கெல்லாம் சொல் இருந்தது. கோட்டுப் போட்டவர்கள் முன்னால் பேசுவதற்கான சொற்கள் இல்லை. அவற்றை எங்கிருந்து எடுப்பது? வேலை தேடி அலைந்த நாளெல்லாம் சிவப்புப் பென்சிலோடு நான் படித்துக்கொண்டிருந்த ஒரே இடத்திலிருந்து எடுத்தேன். மலையாளப் பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கம். அதற்குத் தலைப்பே 'தொழிலவசரங்கள்' என்றுதான் இருக்கும்.

நேர்முகத் தேர்வு ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியின் மாடி அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். நரைத்த தலையோடு ஒரு பெரியவர், மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மையார். எனக்கு முன்னால் போன ஆலுவாக்காரர் உள்ளே நாற்பது நிமிடம் இருந்தார். வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார்.

உள்ளே போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு முழங்காலை இன்னொன்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கையில் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தேன். வேர்த்து ஊற்றியது.

பெரியவர் என் மனுவைப் புரட்டினார். "மத்தவங்கள்ல ரெண்டு பேர் எம்.எஸ்.சி. ஒருத்தருக்குப் பத்து வருஷ அனுபவம். நீங்க என்ன சொல்ல விரும்பறீங்கன்னு நீங்களே சொல்லுங்கம்மா."

இந்தக் கேள்விக்குத்தான் வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். எழுந்து நின்று சொன்னேன்.

"சார், எனக்கு ஒரு அவசரம்."

'தந்தா மதி' என்று முடிக்க வேண்டும். தந்தால் போதும் என்று பொருள். ஆனால் அந்த இரண்டு சொல்லும் காற்றாகத்தான் வந்தன.

பெரியவர் முகம் மாறியது. ஆடுகிற என் காலைப் பார்த்தார், முறுக்கிய கைக்குட்டையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடடா, இதுக்கென்னம்மா கூச்சம். போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க. வெளியில வலது பக்கம்" என்றார். அம்மையார் குனிந்து காகிதத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

போயிட்டு வாங்க. தமிழில் ஒரு ஆளை வழியனுப்பச் சொல்வது அதைத்தானே? வெளியே வந்தேன். வலது பக்கம் படிக்கட்டு. படிக்கட்டுக்குக் கீழே தெரு. ஏழு மாதம் மாடாக உழைத்து ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டால், தெருவுக்கு வழி காட்டுகிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். எனக்கு வெண்ணெயே திரளவில்லை, தாழியை நேரே தூக்கித் தலையில் போட்டது போலிருந்தது. அழுகை வரவில்லை முதலில், கோபம்தான் வந்தது. தெருவுக்கு இறங்கியதும் இரண்டும் சேர்ந்து வந்தன.

அங்கே அவர்களை அழைத்து வந்த சென்னைக் காரின் டிரைவர், பக்கத்துக் கடையில் சாயா வாங்கி பானட்டில் வைத்து ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, அழுவுற? கேள்வி கஷ்டமா கேட்டுட்டாங்களா?"

"கேள்வியே கேக்கலண்ணா. ஒரு அவசரம் தாங்கன்னு சொன்னேன். வெளியில போன்னு சொல்லிட்டாங்க."

"இன்னா கேட்ட?"

"ஒரு அவசரம். ஒரே ஒரு அவசரம் தந்தா நான் வேல செஞ்சு காமிப்பேன்னு."

அவர் என்னையே பார்த்தார். "அவசரம்னா உங்க ஊர்ல இன்னா?"

"சான்ஸ் அண்ணா."

அவர் சாயாவைக் கீழே வைத்தார். வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், குனிந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். "தாயி, எங்க ஊர்ல அவசரம்னு எழுந்து நின்னா ஒண்ணுக்கு வருதுன்னு அர்த்தம். அவரு உன்ன பாத்ரூமுக்கு அனுப்பிக்கிறாரு. நீ இன்னாடான்னா தெருவுக்கு வந்து நிக்கிற."

எனக்கு அது உண்மையிலேயே தெரியாது. எங்கள் வீட்டில் வேகமாக ஏதாவது ஆக வேண்டுமென்றால் 'திடுக்கம்' என்போம். மற்றதற்கு அம்மா பச்சையாகவே சொல்வாள். அவசரம் என்ற சொல்லை நான் பத்திரிகையில் மட்டுமே பார்த்திருந்தேன், அது வாய்ப்பாக மட்டுமே இருந்தது. ஒரு நொடி வெட்கத்தில் செத்துப்போனேன். அடுத்த நொடி விஷயம் உறைத்தது. அப்படியென்றால் என்னை இன்னும் வெளியே அனுப்பவில்லை. என் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன்.

கதவைத் திறந்ததும் அம்மையார் மெல்லக் கேட்டார்: "இப்போ பரவாயில்லையா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவும் முயலவில்லை. நடந்ததை அப்படியே, தெருவில் போய் அழுதது உட்படச் சொன்னேன். அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பெரியவர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. கௌரவமான சொற்களைத் தேடுவதை விட்டுவிட்டு, காலனித் தமிழும் மலையாளமும் கலந்து வாய்க்கு வந்தபடி பேசினேன். கரும்பலகையை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். எந்த எந்திரம் எத்தனை மணிக்குச் சும்மா இருக்கிறது என்று எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது. பெரியவர் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"லேபை ரெண்டு மடங்காப் பெருசாக்கப் போறோம்," என்றார் அம்மையார். "ஆள் வேணும். எங்கே பிடிப்பீங்க?"

"பேப்பர்ல போட மாட்டேன் மேடம். பேப்பர் பார்த்து வர்றவங்க மூணு மாசத்துல கல்ஃபுக்கு விசா கிட்டினா போயிடுவாங்க. புரொபசர்கிட்ட கேட்டா மார்க் லிஸ்ட்டத்தான் சொல்வாரு. நான் காலேஜ் லேப்ல இருக்கிற அட்டெண்டர்கிட்ட கேப்பேன்."

"அட்டெண்டர்கிட்டயா?"

"எந்தப் பொண்ணு தன் குடுவையைத் தானே கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போகும்னு அவருக்குத்தான் தெரியும். எனக்கு அவ போதும். மிச்சத்த நான் படிப்பிச்சுக்குவேன்."

அம்மையார் எதையோ எழுதிக்கொண்டார். பெரியவர், "சரிம்மா, யோசிச்சு அடுத்த மாசம் தெரிவிக்கிறோம்" என்றார்.

அடுத்த மாதம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் சாமி படத்தடியிலிருந்து எடுத்து வந்திருந்த காக்கநாடு உத்தரவைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். நாலு நாளில் காய்ந்த குங்குமம் மேசையில் கொஞ்சம் உதிர்ந்தது.

"சார், எனக்கு மலையாளத்து அவசரமும் வேணும், தமிழ் அவசரமும் இருக்கு. திங்கக்கிழம இதுல சேரலன்னா இது போச்சு. நாளைக்கே சொல்லுங்க. இல்லைன்னாலும் பரவாயில்ல, இல்லைன்னு நாளைக்கே சொல்லுங்க."

அவர் உத்தரவைப் படித்தார். "கவர்மென்ட் வேலையை விட்டுட்டா இங்க வர்றேங்கறீங்க?"

"நீங்க எடுத்தா."

சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேரும் ஃபேக்ஸ் எந்திரத்தைச் சுற்றி நின்றோம். வேலை எதுவும் ஓடவில்லை. கரும்பலகை வெறுமையாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு எந்திரம் கிறீச்சிட்டு முதல் வரியைத் துப்பியது. என் பெயரும் முகவரியும். அதோடு தாள் தீர்ந்துவிட்டது. சேச்சி ஓடிப்போய்ப் புதுச் சுருள் கொண்டுவந்தாள். அது இரண்டு முறை கீழே விழுந்து மேசைக்கடியில் உருண்டது. மறுபடி கிறீச்சல். 'மகிழ்ச்சியுடன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் நான் மிச்சத்தைப் படிக்கவில்லை. சேச்சி என்னைக் கட்டிக்கொண்டு கூத்தாடினாள். சாக்குகளுக்கு நடுவே ஐந்து பேரும் குதித்ததில் மஞ்சள் தூள் எழும்பி எல்லாரும் தும்மினோம்.

வீட்டில் யாரும் குதிக்கவில்லை.

அம்மா நான் சொன்னதைக் கேட்டாள். நான் திரும்ப வைத்திருந்த உறையைச் சாமி படத்தடியிலிருந்து எடுத்து என் மடியில் போட்டாள். "உங்கப்பா செத்துதான் எனக்கு இந்த மாதிரி ஒண்ணு கிட்டுச்சு. உனக்கு யாரும் சாகாமலே கிட்டியிருக்கு. அதப் போய் வேண்டாங்கிற." அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டாள், தட்டை நகர்த்தினாள், பேசவில்லை. திங்கட்கிழமை நான் லேபுக்குத்தான் போனேன். மாலை ஐந்து மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். காக்கநாட்டில் அலுவலகம் மூடியிருப்பார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது, அம்மாவை நினைத்தால் நெஞ்சு வலித்தது. வீட்டுக்குப் போனால் அவள் இல்லை. இருட்டிய பிறகு எங்கிருந்தோ வந்தாள், முகம் கழுவினாள், படுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாட்ச்மேன் உள்ளே வந்தார். "ஒரு அம்மா வந்நிட்டுண்டு. மேனேஜரைக் காணணும்னு."

அந்தச் சொல் என்னைக் குறிக்கிறது என்று எனக்கே உடனே உறைக்கவில்லை. வெளியே போனேன். அம்மா நின்றிருந்தாள். வேலை முடிந்து, மஸ்டர் வருகைப் பதிவேட்டில் ஒப்பு போட்டுவிட்டு நேரே வந்திருக்கிறாள். புடவைக்கு மேல் கார்ப்பரேஷன் சட்டை அப்படியே இருந்தது. மூன்று வருடத்தில் ஒருநாள் கூட அவள் இங்கே வந்ததில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கிளார்க்குன்னா உனக்கு மட்டும்தான் ஜோலி," என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "மேனேஜர்னா ஆள் எடுக்கலாம்னு சொல்றாங்க. நெசமா?"

"நெசந்தாம்மா. ஆறு பேர் எடுக்கணும்."

"கெமிஸ்ட்ரி படிச்சிருந்தா மதியா?"

"மதி. ஆனா இன்டர்வியூ உண்டு. சும்மா எடுக்க மாட்டேன்."

"சும்மா எடுன்னு நான் சொன்னேனா?"

அவள் திரும்பிக் கேட்டின் பக்கம் கையைக் காட்டினாள். வெயிலில் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். எங்கள் காலனிப் பெண்கள். ஓணத்துக்கு எடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு ஃபைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்கள். ஒருத்தியின் கையில் இன்னும் சாப்பாட்டுப் பாத்திரம் இருந்தது. இன்றைக்கே வேலை தொடங்கிவிடும் என்று அவள் அம்மா கொடுத்தனுப்பியிருப்பாள்.

என்னோடு ஒரு வார்த்தை பேசாத அந்த இரண்டு நாளும் அவள் காலனியில் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறாள்.

"வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள் அம்மா.

"வரச் சொல்லும்மா," என்றேன்.